கதவில் ஒட்டிய கை

அந்தப் பெண் தன் பைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

குண்டூசி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். பிறகுதான் அது ஸ்டிக்கர் என்று தெரிந்தது. நீல நிறம். விரல்களை விரித்து, உள்ளங்கையால் எதையோ தள்ளுகிற கை. மணிக்கட்டுப் பக்கமும் கட்டைவிரல் பக்கமும் யாரோ பிளேடால் கோணல்மாணலாக வெட்டியிருந்தார்கள்.

“எடுக்கறதுக்கு முன்னாடி ‘ஸ்டிக்கர்’னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா? என் உயிர் போய்த் திரும்பி வந்துச்சு.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. “மன்னிச்சுக்கோங்க” என்றாள், பேருந்தில் யார் காலையோ மிதித்துவிட்டவள் போல.

துப்பறிவாளர் ஸ்டிக்கரைத் தன் பக்கம் திருப்பினார். காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் மோதிய வண்டிகளையும் வருடக்கணக்கில் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். குண்டூசி அவருடைய அக்கா மகள். அந்தப் பெயர் அவள் பேச்சுக்காகக் குடும்பம் வைத்தது. வீட்டில் அவரை மாமா என்பாள், வாடிக்கையாளர் முன்னால் பாஸ் என்பாள், பதற்றம் வந்தால் இரண்டும் கலந்துவிடும்.

“இது எங்கே இருந்தது?”

“எங்க கிளினிக் கதவுல. நான் பல் டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்கேன். புதுக் கட்டடத்துக்கு மாறினோம். கண்ணாடிக் கதவு, நடுவுல ஸ்டீல் தட்டு, தள்ளறதுக்கு. முதல் நாள் காலையில தள்ளப் போனேன். என் கை ஏற்கெனவே அங்கே இருந்துச்சு.”

“உங்க கையா?”

“என் கைதான். என் வீட்டுக்காரர் வரையறவர். கதவு, லிஃப்ட், கழிவறைன்னு எல்லாத்துக்கும் படம் போடுவார். கை வரையணும்னா என் கையைத்தான் பார்த்து வரைவார். விரல் குட்டையா, உள்ளங்கை அகலமா இருக்கும். வேற யாரும் இப்படி ஒரு கையை வரைய மாட்டாங்க. அழகா இருக்கிற கையைத்தான் வரைவாங்க.”

“அவர் இப்போ...”

“எட்டு மாசமா இல்லை.”

அதை அவள் ‘டாக்டர் இன்று இல்லை’ என்று சொல்வதைப் போலவே சொன்னாள். ஆற்றோரம் கார் திறந்து கிடந்தது. போலீஸ் தேடியது, கிடைக்கவில்லை. அவருடைய கணினியை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கோப்பையைப் பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் தனியாக விறைத்து நின்றது. பெரிய இடத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று குண்டூசி மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

“இது பழைய படமா இருக்கலாமே. எப்பவோ வரைஞ்சதை இப்ப ஒட்டியிருக்கலாம்” என்றார் துப்பறிவாளர்.

“இருக்கலாம். ஆனா ஓரத்தைப் பாருங்க சார். தட்டை விடப் பெரிசா வந்திருக்கு. அதான் வெட்டி ஒட்டியிருக்காங்க. அளந்து பார்த்தேன். சரியா மூணுல ஒரு பங்கு அதிகம்.”

துப்பறிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பங்கு வரைக்கும் எப்படிச் சொல்றீங்க?”

“கல்யாணம் ஆனதுலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேனே. வரையறவங்க எல்லாரும் கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் வச்சிருப்பாங்க. பெரியது. மாசாமாசம் வாடகை கட்டற மாதிரி. ஆபீஸ்ல, அச்சுக்கூடத்துல எங்க போனாலும் அதுதான். இவர் மட்டும் வேற ஒண்ணு வச்சிருந்தார். சின்னது. இலவசம். யார் யாரோ ஆசைக்காகச் சேர்ந்து செஞ்சதாம். அதை விட்டு வரமாட்டேன்னு ஒரே பிடிவாதம். அதுக்காக வேலையையே விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்து வரைஞ்சார்.”

“அடேயப்பா” என்றாள் குண்டூசி. “சின்ன வீடுன்னே சொல்லுங்களேன்.”

துப்பறிவாளர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு சாதாரண ஆள் பொசுங்கிப் போயிருப்பார்.

“பரவாயில்லை சார். ஆபீஸ்லயும் எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க” என்றாள் அந்தப் பெண். “சின்னதுல ஒரு இஞ்சுக்குத் தொண்ணூத்தாறு புள்ளி. பெரியதுல எழுபத்திரண்டு. இதுல வரைஞ்சதை அதுல திறந்தா, மூணு பங்கு படம் நாலு பங்கா வீங்கிடும். ராத்திரி சாப்பிடும்போது புலம்புவார், நான் காதுல வாங்காம ‘உம்’ கொட்டுவேன். இப்ப பாருங்க, அது ஒண்ணுதான் முழுசா ஞாபகம் இருக்கு.”

“ஆக, இது அந்தச் சின்னதுல வரைஞ்சு, பெரியதுல திறந்து அச்சடிச்ச கை.”

“ஆமா. அதை வச்சு வரையறவர் எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல அவர் ஒருத்தர்தான்.”



“உங்களுக்கு என்ன வேணும்மா?” என்றார் துப்பறிவாளர், தணிந்த குரலில்.

“எங்க டாக்டர் வேற ஊர்ல இன்னொரு கிளினிக் திறக்கிறார். என்னைப் பொறுப்பா வரச் சொல்றார். தங்க இடமும் தர்றாங்க. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். அவர் இருக்கார்னா நான் இங்கேயே இருப்பேன், எப்பவாவது வந்து கதவைத் தட்டுவார்னு. இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணுவேன். எது வந்தாலும் சரி சார். எதுன்னு தெரிஞ்சா போதும்.”

குண்டூசி இந்த முறை மெதுவாகக் கேட்டாள். “உங்களுக்கு அழுகை வரலையாக்கா?”

“பல் எடுக்கறதுக்கு முன்னாடி ஊசி போடுவோம் இல்லையா? கன்னம் இருக்கும், கடிச்சாலும் தெரியாது. அப்படித்தான் இருக்கு. வர்றவங்க எல்லாரும் என்கிட்ட கேப்பாங்க, இது எப்ப சரியாகும்னு. வலிக்க ஆரம்பிக்கும், அப்ப ஊசி இறங்குதுன்னு அர்த்தம்னு சொல்லி அனுப்புவேன்.” அவள் ஸ்டிக்கரை அவர் பக்கம் நகர்த்தினாள். “எனக்கு இன்னும் இறங்கலை.”

*

கிளினிக் கட்டடத்தில் விசாரித்துப் பிடித்த ஸ்டிக்கர் கடை ஒரு சந்தின் முனையில் இருந்தது. உள்ளே பசை வாசனை. சுருள் சுருளாக வண்ணத் தாள்கள், இரண்டு பெரிய இயந்திரங்கள், தரையெல்லாம் வெட்டி எறிந்த எழுத்துகளின் மிச்சம். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்டிக்கரைப் பார்த்தார்.

“நம்ம வேலைதான். அந்தக் கட்டடக்காரர் கட்டற எல்லாக் கதவுக்கும் நாமதான். ஏன் சார், எதாவது தப்பா?”

“தட்டை விடப் பெரிசா இருக்காம்.”

“அதை வரைஞ்சவர்கிட்ட கேளுங்க. எனக்கு வந்தது வந்தபடி அடிச்சேன்.”

“யார் வரைஞ்சது?”

கடைக்காரர் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவரைத்தான் சொன்னார். “மனுஷன் அருமையான ஆளு. ஒரே ஒரு கோளாறு, ஊரெல்லாம் பஸ்ல போனா இவர் மட்டும் சைக்கிள்ல வருவார். பெரியதை வாங்குங்கய்யான்னு நான் கெஞ்சாத நாள் இல்லை. ‘என் படத்தை நான் திறக்க யார்கிட்டயும் அனுமதி கேக்க மாட்டேன்’பார். எவனோ அந்தப் பெரியதோட கம்பெனி வாசல்ல இவரை நிறுத்தி வச்சு அவமானப்படுத்தின மாதிரி பேசுவார்.”

“கடைசியா எப்ப பார்த்தீங்க?”

“பார்த்து நாளாச்சு. மெயில்தான்.” கடைக்காரர் திரையைத் தட்டினார். “போன வாரம்கூட வந்துச்சே. இதோ.”

குண்டூசி துப்பறிவாளரின் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள். திரையில் கணவரின் முகவரி. போன வாரத் தேதி. அதற்குக் கீழே போன மாதம், அதற்கும் முந்தைய மாதம் என்று வரிசையாக மெயில்கள். எதிலும் ஒரு வார்த்தைகூட இல்லை. படம் மட்டும்.

“எட்டு மாசமா அவரைக் காணோம்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார். திரையைப் பார்த்தார். இவர்களைப் பார்த்தார். “விளையாடாதீங்க சார். இது யார் அனுப்பினதாம், ஆவியா?”

“மாமா... பாஸ்...” என்றாள் குண்டூசி.

“இரு.” துப்பறிவாளர் திரையருகே குனிந்தார். “பழைய ஆர்டருக்கும் புது ஆர்டருக்கும் எதாவது வித்தியாசம் இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இருக்கு. கோடு இல்லை.”

“என்ன கோடு?”

“அவர் படம் என்கிட்ட வந்தா வீங்கிடும் சார். அதுக்காக ஓரமா ஒரு மெல்லிசுக் கோடு போட்டு அனுப்புவார். எழுத்து எதுவும் இருக்காது, வெறும் கோடு. பத்து சென்டிமீட்டர்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். இங்கே திறந்ததும் அந்தக் கோட்டை நான் பத்துக்குக் கொண்டு வருவேன், படமும் கூடவே சுருங்கிச் சரியா உட்காரும். சாட்சிக் கோடுன்னு பேர் வச்சிருந்தோம். அடிக்கும்போது அதை எடுத்துடுவேன். இத்தனை வருஷத்துல அவர் அளவு ஒரு தடவை தப்பினதில்லை, அதையும் சொல்லணும்.”

“கோடு இல்லாம வந்ததும் கேக்கலையா?”

கடைக்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். “மனுஷன் கடைசியில வழிக்கு வந்துட்டார், பெரியதுக்கு மாறிட்டார்னு நினைச்சேன் சார். சந்தோஷத்துல எனக்கு நானே டீ வாங்கிக் குடிச்சேன். அப்படியே அடிச்சுட்டேன்.”

துப்பறிவாளர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வருமுன் பழைய கை ஒன்றை அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். கணவர் காணாமல் போவதற்கு வெகு முன்பு அனுப்பிய படம்.

*

காருக்குள் இரண்டு கைகளும் அவர் மடியில் கிடந்தன.

“உயிரோட இருக்கார் மாமா! போன வாரம் மெயில்! உடனே அந்த அக்காவுக்கு போன் பண்ணுங்க.”

“பண்ணத்தான் போறேன்.” அவர் பண்ணினார். ஆனால் கேட்டது வேறு. “அம்மா, ஒரு சின்னக் கேள்வி. உங்க சுண்டுவிரல் நிமிர்ந்தே நிக்குதே, அது எப்போலேருந்து?”

ஒலிபெருக்கியில் அவள் குரல் ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. “அதுவா? அவர் போன அடுத்த மாசம். கார்க் கதவுல நசுங்கிடுச்சு. வலிக்கவே இல்லை சார். சாயங்காலம் வீங்கின பிறகுதான் பார்த்தேன். எலும்பு கோணலாக் கூடிடுச்சு. ஏன்?”

“வீட்டுக்கு வந்து சொல்றேன். வீட்ல வேற யார் இருக்காங்க?”

“என் நாத்தனார். அவரோட அக்கா. அவர் போனதுலேருந்து எனக்குத் துணையா வந்து இருக்காங்க.”

அவர் போனை வைத்தார். பழைய கையில் ஐந்து விரலும் ஒழுங்காக இருந்தன. கதவிலிருந்து வந்த கையில் சுண்டுவிரல் தனியாக, விறைப்பாக, ஓர் ஓரமாக நின்றது.

குண்டூசியின் வாய் திறந்தபடி நின்றது. “ஒடிஞ்ச விரல் படத்துல இருக்கு. அப்ப அவர் போன பிறகும் இவங்களைப் பார்த்திருக்கார்! எங்கயோ மறைஞ்சு நின்னு பார்த்திருக்கார்! ஐயோ, என்ன மனுஷன் மாமா இவர், பொண்டாட்டி கை ஒடிஞ்சதைப் பார்த்துட்டு, படம் போட்டுட்டு, சும்மா இருந்திருக்கார்.”

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எதிராளியின் கட்சி தோற்கப்போகிறது என்று குண்டூசிக்குத் தெரியும்.

“படம் வீங்கும்னு அவருக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். சாப்பிடும்போதே புலம்புவாராமே.”

“அதுக்கு மருந்தையும் அவரே கண்டுபிடிச்சு வச்சிருந்தார். ஒரு தடவை தப்பினதில்லை. வேலையை விட்டாலும் விடுவேன், அந்தப் புரோகிராமை விட மாட்டேன்னவர். அப்படிப்பட்டவர் மாசக் கணக்கா அந்தக் கோட்டை மறப்பாரா?”

“மாட்டார்தான்” என்றாள் குண்டூசி.

“இந்த ஸ்டிக்கரைப் பார்த்ததும் நாம என்ன நினைச்சோம்? வீங்கியிருக்கு, அதனால இது அவர்தான்னு. திருப்பிப் பாரு. வீங்கியிருக்கு, அதனாலதான் இது அவர் இல்லை.”

வெயில் டாஷ்போர்டின் மேல் விழுந்து கிடந்தது. குண்டூசி அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். தான் கொஞ்சம் முன்பு கத்திய கத்தல் ஞாபகம் வந்து அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

“அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்லப் போறீங்க?”

“தெரியலை. வண்டியை எடு.”

*

அது அடுக்குமாடியில் இரண்டாவது மாடி வீடு. கூடம் சுத்தமாக இருந்தது, ஆள் வசிக்கும் வீடு மாதிரி இல்லை, வாடகைக்குக் காட்டும் வீடு மாதிரி. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். கூடத்தின் கோடியில் ஒரு கதவு சாத்தியிருந்தது.

“அது அவரோட அறை” என்றாள் அந்தப் பெண். “அண்ணி அதுலதான் படுக்கறாங்க. நான் உள்ளே போறதில்லை.”

நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உயரமான பெண்மணி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுவதற்கு மாதிரி வரைந்து கொடுக்கிறவள். வேலையிலிருந்து வந்ததும் நாடாவைக் கழற்ற மறந்திருந்தாள், அல்லது எப்போதுமே கழற்றுவதில்லை.

“என் தம்பியைப் பத்தி எதாவது தெரிஞ்சுதா?” என்று கேட்டாள். கேட்கும்போது அவரைப் பார்க்கவில்லை. தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள்.

துப்பறிவாளர் ஸ்டிக்கரை மேசை மேல் வைத்தார். “இதைப் பத்தி விசாரிச்சோம். எல்லாக் கதவுலயும் தட்டை விடப் பெரிசா வந்து, பாவம், வேலைக்காரங்க ஒவ்வொண்ணா பிளேடால வெட்டி ஒட்டியிருக்காங்க. வரைஞ்சவங்க அளவு பார்க்கலை போலிருக்கு.”

“பெரிசாவா?” நாத்தனாரின் கை தன்னையறியாமல் நாடாவுக்குப் போனது. “இருக்காதே. தட்டோட அகலத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடை விட்டுத்தானே...”

அங்கேயே நின்றுவிட்டாள்.

குண்டூசி தண்ணீர் டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.

அந்தப் பெண் நாத்தனாரைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. “நீங்களா அண்ணி?” என்று மட்டும் கேட்டாள்.

நாத்தனார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“போலீஸ் திருப்பிக் கொடுத்த மறுநாள் அவன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். போட்டோ எதாவது இருக்குமேன்னு. அப்ப மெயில் வந்துச்சு. ‘லிஃப்டுக்கு ஒரு அம்புக்குறி வேணும், எப்ப தருவீங்க’ன்னு. அவன் இல்லைன்னு பதில் போடணும். உட்கார்ந்தேன். எழுதறதுக்குக் கை வரலை. அவன் வரையற அந்தச் சின்னதைத் திறந்து பார்த்தேன். பெரியதா இருந்திருந்தா வாடகை கேட்டிருக்கும், நீ யாருன்னு கேட்டிருக்கும், பூட்டிக்கிட்டுப் போயிருக்கும். இது ஒண்ணும் கேக்கலை. திறந்துச்சு. அவன் கடைசியா வரைஞ்சது பாதியில அப்படியே நின்னுச்சு.”

“நீங்க வரைவீங்களா?” என்றாள் குண்டூசி.

“தோள் வளைவும் கழுத்து வளைவும் தினமும் போடறவதானே நான். புள்ளியைப் பிடிச்சு இழுத்தா கோடு வளையுது. துணியை விட லேசு. அம்புக்குறியை முடிச்சு அனுப்பினேன். ‘நன்றி’ன்னு பதில் வந்துச்சு. அவன் பேர் போட்டு. அன்னிக்குத்தான் தூங்கினேன்.” அவள் நாடாவின் நுனியைச் சுருட்டினாள். “அப்புறம் நிறுத்த முடியலை. அவன் இல்லைன்னு ஊருக்கெல்லாம் தெரியும். அந்தக் கட்டடக்காரருக்கும் கடைக்காரருக்கும் மட்டும் தெரியாது. அங்கே மட்டும் அவன் இருந்தான்.”

“ஓரத்துல ஒரு கோடு இருந்திருக்குமே” என்றார் துப்பறிவாளர்.

“இருந்துச்சு. எல்லாப் படத்துலயும். பிசிறுன்னு நினைச்சேன். பிசிறை விட்டு வச்சா துணி கெட்டுடும்னு பழக்கம். வெட்டிட்டேன்.”

“அதுதான் அளவு. பத்து சென்டிமீட்டர். அதை வச்சுத்தான் கடைக்காரர் படத்தைச் சுருக்குவார்.”

நாத்தனாருக்கு அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. வேறு எதற்கும் இல்லை. இவ்வளவு வருடம் அளவெடுத்துப் பிழைத்தவள் அளவையே வெட்டி எறிந்ததற்கு.

“விரல்?” என்றாள் அந்தப் பெண். ஸ்டிக்கரின் சுண்டுவிரலைத் தொட்டாள். இப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்ப்பவள் போலத் தெரிந்தது. “இது நான் கவனிக்கவே இல்லை. தினமும் இதைத் தள்ளிக்கிட்டுதான் உள்ளே போனேன்.”

“அவன் வரைஞ்ச உன் கை அதுல இருந்துச்சு. நல்லா இருந்துச்சு. ஆனா விரல் இப்ப அப்படி இல்லையே. அளவு மாறினா மாதிரியை மாத்தணும். சாப்பிடும்போது எதிர்ல உன் கைதான் இருக்கும். பார்த்துப் பார்த்து மாத்தினேன்.” அவள் குரல் இறங்கியது. “உன் முகத்தைத்தான் என்னால பார்க்க முடியலை. கையைத்தான் பார்ப்பேன்.”

கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் ஒலி கேட்டு, நின்றது.

“அப்ப அவர் வர மாட்டார்” என்றாள் அந்தப் பெண்.

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அது கேள்வியும் இல்லை. ஆனாலும் துப்பறிவாளர் பதில் சொன்னார். சொல்லாமல் போவது சரியில்லை என்று அவருக்குப் பட்டது.

“இந்தக் கை அவரோடது இல்லைம்மா. அவர் இருக்கார்னு காட்ட உங்ககிட்ட இருந்தது இது ஒண்ணுதான். அதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை.”

அவள் தலையாட்டினாள். பிறகு எழுந்து கூடத்தின் கோடிக்கு நடந்தாள். சாத்தியிருந்த கதவின் மேல் கையை வைத்துத் தள்ளினாள். கணவரின் மேசை அப்படியே இருந்தது. திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாத்தனார் வேலையை நடுவில் விட்டு வந்திருந்தாள். திரையில் பாதிக் கை, கட்டைவிரல் வரை.

“இதுலதானா?” என்று அறைக்குள்ளிருந்து கேட்டாள். “கல்யாணம் ஆனதுலேருந்து இதோட பெருமையைக் கேட்டிருக்கேன். ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. காட்டுங்க அண்ணி.”

நாத்தனார் தயங்கித் தயங்கிப் போனாள். துப்பறிவாளரும் குண்டூசியும் கூடத்திலேயே நின்றார்கள்.

“முதல்ல அந்தக் கோட்டைப் போடுங்க.”

“எங்கே?”

“ஓரமா. பத்து சென்டிமீட்டராம். அவர் போடுவாராம்.”

ஒரு சின்ன ‘கிளிக்’ சத்தம். பாதிக் கைக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று வந்து நின்றது. இரண்டு பெண்களும் அதையே பார்த்தார்கள்.

“அந்த ஊர்ல தர்ற வீட்ல ரெண்டு அறை இருக்காம் அண்ணி” என்றாள் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். கழுத்து நாடாவை எடுத்து, “கையைக் குடு. இந்தத் தடவை கண்ணால பார்த்து இல்லை, அளந்தே வரையறேன்” என்றாள்.

அந்தப் பெண் கையை மேசை மேல் விரித்து வைத்தாள். நாத்தனார் கட்டைவிரலை அளந்தாள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக அளந்து வந்தாள். கடைசியில் அந்தக் கோணல் விரலை நாடாவோடு சேர்த்து மெல்ல அழுத்திப் பிடித்தாள்.

குண்டூசி எதையோ சொல்ல வாயெடுத்தாள். துப்பறிவாளர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். இருவரும் வாசலுக்கு நடந்து செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது. காலையில் கேட்ட குரல்தான், ஆனால் இப்போது நடுவில் எங்கோ லேசாக விரிசல் விட்டிருந்தது.

“அண்ணி... வலிக்குது.”